வழங்கிய படையும் வைத்த படையும்

விலையுயர்ந்த கருவியொன்றைப் பெற்றவன் அதனைத் தொழிற்படுத்துவதா, கறைபடாமற் காத்து வைப்பதா என்னும் வினா இன்று புதிதாய் எழுந்ததன்று. கைவல் கம்மியன் தன் பெயர் பொறித்துச் செய்து தந்த கத்தியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, அதனால் ஒரு காயும் அரியாது கண்ணாடிப் பேழையுள் வைத்து மகிழ்வோர் இக்காலத்து உலகெங்கும் உளர். வைத்துக் காப்பதே முறை என்பாரும், வெட்டாத கத்தி கத்தியே அன்று என்பாரும் தம்முள் மாறுபடுகின்றனர். இவ்வழக்குத் தமிழகத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே ஓர் அரசனது படைக்கலக் கொட்டிலில் எழுந்தது. அதற்குச் சான்று புறநானூற்றின் 95ஆம் பாட்டு. பள்ளிச் சிறாரும் அறிந்த பாட்டு அது. அறிந்த பாட்டாதலின் அதனை மீள நோக்குவார் சிலரே. வழங்கும் படை சிறந்தது, வைத்த படை இழிந்தது என்ற சுருங்கிய முடிவிற்கு மேற்கோளாக அஃது எடுத்தாளப்படுகின்றது. அம்முடிவு பாட்டிற்கு முழுதும் பொருந்துமா என்பதும், பழம்படைகளைப் பற்றி நாம் அறிந்தவை எவ்வழி வந்தன என்பதும் ஈண்டு ஆராயப்படும். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி வரலாற்று மாணவன் ஔவையார் பக்கம் எளிதிற் சாய்ந்துவிடுவான். அச்சாய்வு அவனுக்கே கேடாகும் என்பது என் கருத்து.

பாட்டும் அடிக்குறிப்பும்

அதியமான் நெடுமான் அஞ்சி தூது விடத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார்க்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அதுகண்டு அவர் பாடினார். இது பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புத் தரும் செய்தி. பாட்டினுள் அதியமான் பெயரும் இல்லை. தொண்டைமான் பெயரும் இல்லை. அண்மைச்சுட்டு ஒன்றும் சேய்மைச்சுட்டு ஒன்றுமே உள. எதிரே நிற்பன ஒருவகைப் படைகள். தொலைவில் உள்ளன மற்றொரு வகைப் படைகள். இக்குறிப்புக்கள் பாட்டுக்களைப் பிற்காலத்தே தொகுத்தோர் எழுதியன எனினும், பாட்டு ஒரு கொட்டிலின் நடுவே நின்று பிறிதோர் இடத்தைச் சுட்டும் அமைப்பினதாதலின், ஈண்டுக் குறிப்பைத் தள்ளுதற்குக் காரணம் இல்லை. அத்தொண்டைமான் இளந்திரையனோ பிறனோ என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டுவதன்று.

எதிரே நின்ற படைகள் மயிற்பீலி அணிந்திருந்தன, மாலை சூடியிருந்தன, காம்புகள் திருத்தம் பெற்று, இரும்பு நெய்யணிந்து, காவல் மிக்க பெருமனையில் இருந்தன. தொலைவில் உள்ளவையோ பகைவர் உடலிற் பாய்ந்து முனை முரிந்தவை. அவற்றின் இருப்பிடம் கொல்லனது சிறு பட்டறை. இவ்வளவோடு பாட்டு முடிந்திருப்பின் அது நயமான இகழ்ச்சி என்று கொண்டு அமையலாம். புகழ்வது போல இகழ்தலும் இகழ்வது போலப் புகழ்தலும் இதன்கண் உள என்பது மரபாக வரும் விளக்கம், அதில் தவறில்லை. ஆயினும் பாட்டு அங்கே நிற்கவில்லை. படையைப் பாடிவந்த புலவர், இடையில் சோற்றைப் பாடுகின்றார். தன்பால் உள்ளபோது பிறர்க்கு உணவளிப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு பகுத்து உண்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன்; அவனுடையது அவ்வேல் என்று முடிக்கின்றார். போர்த்தூது சென்ற இடத்தில், படைக்கலத்தின் நடுவே நின்று, அடுக்களைச் செய்தியை ஏன் கூறல் வேண்டும்? ஈகையும் வீரமும் இணைத்துப் பாடுதல் புறப்பாட்டின் வழக்கம் என்று கூறி இவ்வினாவைக் கடந்துவிடலாம். அது விடையாகாது.

தமிழில் 'வழங்குதல்' என்னும் சொல்லுக்கு இயங்குதல், பயன்படுத்துதல், கொடுத்தல் என மூன்று பொருளும் உள. பாட்டில் அச்சொல் இல்லை. அச்சொல்லின் முப்பொருளும் உண்டு. வேல் போர்க்களத்திற்கும் பட்டறைக்கும் இடையே இயங்குகின்றது. சோறு மனையினின்று இரவலர்க்கு இயங்குகின்றது. தொண்டைமான் மனையிலோ இயக்கம் இல்லை, காவல் உண்டு. ஔவையார் எதிர்நிறுத்துவன கூர்மையும் மழுக்கமும் அல்ல. உண்மையில் கூர்மையுடையன தொண்டைமான் படைகளே. முனை சிதைந்தன அதியமானுடையவை. கருவியின் நிலை ஒன்றையே நோக்கின் தொண்டைமானே வென்றவன் ஆவான். எனவே புலவர் அளந்தது கருவியை அன்று. கருவி நின்றுவிட்டதா, இயங்குகின்றதா என்பதையே அளந்தார். ஈயாதும் துய்யாதும் வைத்த பொருளைப் பற்றித் திருக்குறளில் 'நன்றியில் செல்வம்' என ஓரதிகாரமே உள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பீலியும் மாலையும்

இனி ஒரு தடை எழும். பீலியும் மாலையும் நெய்யும் பயனற்ற ஒப்பனைகளா? அல்ல. அவை வழிபாட்டின் கூறுகள். புறநானூற்று 50ஆம் பாட்டில் அரசனது முரசு பீலியும் பொன்னால் ஆகிய உழிஞையும் சூடி விளங்குகின்றது. 264ஆம் பாட்டில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லுக்குக் கண்ணியும் மயிற்பீலியும் சூட்டிப் பெயர் பொறிக்கின்றனர். அகநானூற்று 67ஆம் பாட்டும் பீலி சூட்டிய நடுகல்லைக் கூறி, அதனருகே வேல் ஊன்றிக் கேடயம் சார்த்தப்பெற்றமையைக் காட்டும். ஆகவே பீலி சூட்டுதல் உயர்ந்ததோர் சிறப்பு. தொண்டைமான் தன் படைகட்கு அச்சிறப்பைச் செய்தமை பேதைமை அன்று, அக்கால மரபே.

பிழை எங்கே எனின், முறையில் என்க. தொல்காப்பியர் உழிஞைத் துறைகளுள் வென்ற வாளை நீராட்டுதலை ஒன்றாக வைத்தார். பாடாண்துறைகளுள் பகைவரைக் குறித்த வாண்மங்கலத்தை வைத்தார். நீராட்டுதற்கு உரியது வென்ற வாள். வெறும் வாள் அன்று. நடுகல்லும் அத்தகையதே. வினை முன்னது; சிறப்புப் பின்னது. தொண்டைமான் கொட்டிலில் சிறப்பு முன் வந்துவிட்டது. இங்குப் பாட்டின் துறையை நோக்குக. தொகுத்தோர் இப்பாட்டினைப் பாடாண்திணையில் வாண்மங்கலத் துறையில் வைத்துள்ளனர். மங்கலம் பெறுவது எவர் படை? மாலை அணிந்த படை அன்று. பட்டறையிற் கிடக்கும் முரிந்த படையே. கண்ணெதிரே மாலையும் நெய்யும் பெற்று நிற்கும் படைகளின் நடுவே நின்று, அங்கில்லாத ஒரு வேலுக்குப் புலவர் மங்கலம் பாடிவிடுகின்றார். துறை வகுத்தோர் இந்நுட்பத்தை உணர்ந்தே வகுத்தனர் எனத் துணிகின்றேன். நடுகல்லுக்குச் சூட்டும் பீலியையும் கண்ணியையும் களங்காணாத வேலுக்குச் சூட்டியதில், உயிருள்ளதை இறந்தாரோடு ஒப்ப வைத்தல் என்னும் குறிப்பும் அமைந்திருக்கலாம். ஆனால் முரசும் பீலி சூடுதலின் இதனை ஒருதலையாகக் கூறவியலாது.

வழங்காமையும் புகழாதல்

வழங்குவதே சிறப்பு என்று சங்கப் புலவர் யாண்டும் பாடினர் எனக் கொள்ளல் பொருந்தாது. மேற்காட்டிய 50ஆம் பாட்டே அதற்கு மறுதலை. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு நீராட்டற்குச் சென்றிருந்தது. அதன் கட்டில் மென்பூக்கள் பரப்பிய நிலையில் வறிதே இருந்தது. வழிநடந்து இளைத்த மோசிகீரனார் அதன் தன்மை அறியாது ஏறித் துயின்றார். முரசுகட்டில் மனிதர் படுத்தற்கு உரியதன்று. அது காத்து வைக்கும் பொருள்களுள் தலையாயது. அதனைப் புலவர் ஒருவர் வெறும் கட்டிலாகவே பயன்படுத்திவிட்டார். வாளால் வெட்டுதற்கு உரிய குற்றம் அது. அரசன் வாளை வழங்கவில்லை. அவர் துயிலெழுந் துணையும் கவரி கொண்டு வீசினான். வாளை ஓங்காமையே அவன் தமிழை முற்ற அறிந்தமைக்குச் சான்று என்று விழித்தெழுந்த புலவர் பாடினார். காக்கும் பொருள் வழங்கப்பட்டதும், வழங்கும் பொருள் காக்கப்பட்டதும் ஆகிய இவ்விரண்டும் ஒருங்கே புகழாயின.

இவ்வரசன் பெயரில் உள்ள அடைமொழியை மறத்தலாகாது. அவன் எறிந்த தகடூர் அதியர் கோநகர், இன்றைய தருமபுரி. என்றும் பட்டறையிலே கிடந்த வேல் அதியர் நகரைக் காக்கவில்லை. அப்போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் நமக்கு முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டு முதலிய தொகைகளின் வாயிலாக வந்த செய்யுட்கள் சிலவே எஞ்சின. வழங்கியது தேயும், வையாதது மறையும். நூலுக்கும் இஃது ஒக்கும், படைக்கும் ஒக்கும். புறநானூறேகூட ஏட்டைக் காத்து வைத்த மனைகள் சில இருந்தமையால் அன்றோ 1894இல் உ. வே. சாமிநாதையர் கையால் அச்சேறிற்று? படியாது பூட்டி வைத்தார் என்று அம்மனைகளின் தலைவரை இகழ்வது எளிது. அவர்தம் பூட்டினின்றே நாம் ஔவையாரைப் பெற்றோம்.

மண்ணிற் புதைந்தவை

கொல்லன் பட்டறைக்குச் சென்ற இரும்பு மீள்வது எவ்வாறு என எண்ணிப் பார்த்தல் வேண்டும். முரிந்த முனை உலையில் வெதும்பிச் சம்மட்டியால் நீட்டப்படும். ஒவ்வொரு முறையும் சிறிது இரும்பு கழியும். சிறுத்த வேல் பிறிதொரு கருவியாகும்; அதுவும் தேய்ந்து துண்டாகிப் பிற இரும்போடு ஒன்றாகும். வேல் செய்து தருதல் கொல்லன் கடன் என்று பொன்முடியார் கூறியது (புறம். 312) ஒருநாட் பணியன்று. கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் முதலியோர் செய்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், மூசையில் எஃகு செய்த உலைகளையும் வெளிப்படுத்தின. உலைகள் கிடைத்தன, அவ்வுலைகளிற் பிறந்து களத்தில் உழைத்துத் தேய்ந்த வேல்களை அங்ஙனம் காட்டுதற்கு இயலாது. உழைத்த கருவி தன் வரலாற்றைத் தானே அழித்துக்கொள்கின்றது.

நமக்குக் கிடைத்த பழம்படைகளோ பெரும்பாலும் வேறுவழி வந்தவை. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் செர்மானியர் அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு வாள், வேல் முதலிய இரும்புப் படைகள் பல வெளிவந்தன. அவை முனை கீழாக நின்ற நிலையில் இருந்தன என்றும், இரங்கி நின்றோர் சுற்றியுள்ள மண்ணிற் குத்தியவை போல் தோன்றின என்றும் ரீ எழுதினார். உடையவன் இறந்தபோது அப்படைகள் வழக்கினின்று நீக்கப்பட்டன. அவற்றுட் சில முன்னர்ப் போர் கண்டிருக்கலாம். சில ஈமத்திற்கென்றே செய்யப்பட்டிருக்கலாம். எவ்வாறாயினும், பட்டறைக்கு மீளாமையால்தான் அவை நம் கைக்கு எட்டின. மயிற்பீலி அணிந்த கொட்டிலும் ஈமத்தாழியும் வரலாற்றாசிரியனுக்கு ஒருவகையில் ஒன்றே. இரண்டும் இரும்பைக் கொல்லனிடமிருந்து காப்பவை.

வெட்டிய சான்றும் வைத்த வாளும்

வழங்குதலையும் வைத்தலையும் ஒருபொருளிலேயே இணைக்க முயன்ற நாடு சப்பான். அங்கு 1603 முதல் 1868 வரை நிலவிய எடோ காலத்தில் பெரும்போர் அருகியது. வாள் அணிவோர் தொகையோ குறையவில்லை. போரின்றி வாளின் தரத்தை அறிதல் எங்ஙனம்? கொலைத்தண்டம் பெற்றோர் உடலில் வாளை வெட்டிப் பார்த்துத் தேர்ந்தனர். யமாடா என்னும் குடியினர் இத்தொழிலிற் பெயர் பெற்றோர். வெட்டின் முடிவைக் கைப்பிடியுள் மறையும் வாலிரும்பிற் பொறித்தனர். சிலபோது பொன் பதித்தும் எழுதினர். இவ்வெழுத்து இன்று வாளின் விலையை உயர்த்துகின்றது. ஒருமுறை வழங்கியதற்குச் சான்று எழுதிப் பின் என்றும் வைத்துக் காப்பது இம்முறை. செயல் கொடிது, கேட்கவே கூசும். ஆயினும் தொண்டைமான் கொட்டிலில் இல்லாதது யாது என்பதை அது விளக்குகின்றது. அவன் வேல்களின் மேல் மாலை இருந்தது; எழுத்து இல்லை.

1876இல் பொதுவிடங்களில் வாள் அணிதலை அந்நாட்டரசு விலக்கியபின் வாள் முழுதும் காப்புப்பொருளாயிற்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அவை கலைப்பொருளெனப் பதிவு பெறுகின்றன. ஒப்பனையற்ற மர உறையில் இட்டு, எண்ணெய் பூசி வைப்பர். துருப்பிடிப்பின் சாணை வல்லுநர் தீட்டுவர். ஒவ்வொரு தீட்டிலும் எஃகு தேயும். பலமுறை தீட்டிய வாளின் மேல்தோல் கழிந்து உள்ளிரும்பு தோன்றிவிடும். ஆதலின் காத்தலும் ஒருவகைத் தேய்வே. வழங்கினாற்றான் தேயும், வைத்தால் தேயாது என்பது கருவியை அறியாதார் கூற்று.

தஞ்சைக் கொட்டில்

நம் நாட்டிலும் ஒரு பெருங்கொட்டில் அண்மைக்காலம்வரை இருந்தது. தஞ்சை அரண்மனையில் நாயக்கர் காலத்தனவும் மராட்டியர் காலத்தனவுமாகிய படைக்கலங்கள் குவிந்திருந்தன. 1855இல் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி இறந்தார். அரசு கும்பினியார் கைப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அக்கொட்டில் கலைந்தது. சிறந்தவை எனத் தேர்ந்தவை சென்னை அருங்காட்சியகம் புகுந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலை போயிற்று. தப்பியவற்றுட் சில கைமாறிக் கடல் கடந்தன. நியூயார்க்கு மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இன்றுள்ள தஞ்சைக் கட்டாரிகளுட் சில, சியார்சு கேமரன் சுடோன் என்னும் படைக்கலத் தொகுப்பாளர் வாயிலாக 1935இல் அங்குச் சேர்ந்தவை.

தஞ்சைக் கட்டாரிகளின் அழகு பிடியைக் காக்கும் வளைதகட்டில் உள்ளது. யாளியும் கொடியும் இலையுமாக இரும்பிலேயே துளைத்தும் செதுக்கியும் அமைத்துள்ளனர். காண்போர் விழாவிற்கென்றே செய்தவை என எண்ணுவர். ஆனால் இவற்றுட் பலவற்றின் அலகு இந்நாட்டதன்று. ஐரோப்பியர் வாளினின்று கொண்டது. நீண்ட வாளலகைத் துணித்து, ஈரிரும்புப் பட்டைகட்கு இடையே இட்டு ஆணி அறைந்து பொருத்தியுள்ளனர். முன்பு எவர் இடையிலோ தொங்கிய வாள், கடற்கரை வணிகத்திலோ போரிலோ கைமாறித் தஞ்சைக் கம்மியன் உலைக்களத்தை அடைந்து, பிறிதோர் உருப்பெற்று, அரண்மனைக் கொட்டிலுள் நுழைந்தது. இவ்வொரு கருவியினிடத்து அதியமான் பட்டறையும் தொண்டைமான் மனையும் ஒருங்கே உள. ஔவையார் வகுத்த இருபாற் பிரிவு கவிதைக்குப் பொருந்தியது. பொருள்களின் வாழ்க்கை வரலாற்றுக்கு அது போதாது. ஒரு கருவி வழங்கப்பட்டுப் பின் வைக்கப்படும். வைக்கப்பட்டது மீண்டும் வழங்கப்படும். இறுதியில் உருக்கப்படும் அல்லது பெயர்ச்சீட்டு ஒட்டப்பெறும்.

எனவே, தஞ்சைக் கொட்டில் கலைந்தது குறித்து நாம் இரங்குவது எதன் பொருட்டு என்பதைத் தெளிதல் வேண்டும். அழகிய பொருள்கள் அழிந்தன என்பது ஒரு சார். எது சிறந்தது எனத் தேர்ந்தோர் ஒப்பனையையே நோக்கித் தேர்ந்திருப்பின், உழைத்துத் தேய்ந்த எளிய வேலும் வாளுமே இரும்புக்கடைக்குச் சென்றிருக்கும் என்பது மற்றொரு சார். இம்மறுசார் இழப்பே பெரிது. மாலையணிந்த படை எஞ்சி, முனை முரிந்த படை மறைந்த இடத்தில், அவ்வரசின் போர்முறையை எஞ்சியவற்றைக் கொண்டு எழுதப் புகுவோர் தொண்டைமானைக் கண்டு அதியமான் என எழுத நேரும்.

இன்று அருங்காட்சியகங்களில் உள்ள தென்னாட்டுப் படைகளை ஆராயும் முதுகலை மாணவர்கள் பிடியின் சிற்பத்தோடு அலகின் விளிம்பையும் நோக்குதல் வேண்டும். தீட்டிய கோடுகள் உளவா, ஒருபுறம் மட்டும் தேய்ந்துளதா, முனை முன்னொருகால் முரிந்து மீள வடிக்கப்பெற்றதா, ஆணிகள் மாற்றப்பெற்றனவா என்பனவற்றை அளந்து எழுதுதல் வேண்டும். துருநீக்கும் பணி இவ்வளவைக்குப் பின்னரே நிகழ்தல் நன்று. பளபளப்பாகத் துலக்கிய விளிம்பில் கொல்லன் கைவைத்த சுவடு எஞ்சாது.